ஒற்றைத் திரையை மூன்றாகப் பிரிப்பதா? பூட்டிக் கிடக்கும் அரங்கைத் திறக்க எண்ணுபவரின் கேள்வி

#1 நான்காம்வரிசை

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு திரையரங்கை நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கும் பேச்சு முடியும் நிலையில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் 440, மாடியில் 180 என மொத்தம் 620 இருக்கைகள், ஒரே திரை. கட்டடம் உறுதியாக இருக்கிறது, கூரை ஒழுகவில்லை. ஆனால் இருக்கை, ஒளி, ஒலி, குளிரூட்டல் அனைத்தையும் புதிதாக அமைத்தாக வேண்டும்; கையிலுள்ள முதலீட்டில் எல்லாவற்றையும் உயர்ந்த தரத்தில் செய்துவிட இயலாது.

என் கேள்விகள் இரண்டு. அரங்கை அப்படியே விட்டு ஒரே திரையாக நடத்துவதா, அல்லது இரண்டு மூன்று சிறு அரங்குகளாகப் பிரிப்பதா? பணத்தை எதில் முதலில் போடுவது? சிறு வயதில் இந்த வகை அரங்குகளில்தான் படம் பார்த்து வளர்ந்தேன் என்பதால் அந்தப் பெரிய திரையின் மீது எனக்குப் பற்று உண்டு. அந்தப் பற்று என் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

#2 கணக்கேடு

ஐயா, இரண்டு ஊர்களில் திரையரங்குகளின் வரவுசெலவைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் நீங்கள் விற்கும் சரக்கு படம் அன்று. குறிப்பிட்ட நேரத்துக்கு ஓர் இருக்கை. காட்சி தொடங்கிய நிமிடத்தில் விற்காத இருக்கை அழிந்துவிடுகிறது, மறுநாள் அதை எடுத்து விற்க முடியாது. 620 இருக்கைகள், நாளொன்றுக்கு நான்கு காட்சிகள் என்றால் வாரத்துக்கு 17,360 இருக்கைகளை நீங்கள் சந்தையில் வைக்கிறீர்கள். வெளியான முதல் மூன்று நாள்களில் மாலைக் காட்சிகள் நிரம்பும். செவ்வாய்க்கிழமை நண்பகலில் முப்பது பேர் அமர்ந்திருப்பார்கள். அந்த முப்பது பேருக்காகவும் முழு அரங்கையும் குளிரூட்டியாக வேண்டும், விளக்கை எரித்தாக வேண்டும், ஆள்களுக்குச் சம்பளம் தந்தாக வேண்டும்.

சீட்டு வசூலில் வரி போக மிஞ்சுவதில் விநியோகஸ்தரின் பங்கு முதல் வாரத்தில்தான் மிக அதிகம். பெரிய படத்துக்கு அது பாதிக்கும் மேலே போகும்; வாரங்கள் செல்லச் செல்ல அரங்கின் பங்கு உயரும் வகையில் ஒப்பந்தம் போடுவது நெடுநாள் வழக்கம். அதாவது கூட்டம் வரும் நாள்களில் பணம் அவர்களுக்கு, பங்கு நமக்குச் சாதகமாக மாறும் நாள்களில் கூட்டம் இல்லை. பெரிய ஒற்றை அரங்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறது. மூன்றாவது வாரத்தில் அதே படத்தை 120 இருக்கை அரங்குக்கு நகர்த்தி ஓட்ட முடிந்தவர்தான் அந்த உயர்ந்த பங்கை அனுபவிக்கிறார். ஆகவே என் விடை: பிரியுங்கள்.

#3 பெட்டிவரவு

படங்களை அரங்குகளுக்கு அனுப்பும் பக்கத்தில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவன் நான். கணக்கேடு ஐயா சொன்னது சரி. எங்கள் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமையாகும்.

ஒற்றைத் திரைக்காரருக்கு இருக்கும் பெரிய சிக்கல் பங்கு விகிதத்தைவிட, நாங்கள் விதிக்கும் நிபந்தனைகளில்தான் இருக்கிறது. பெரிய படத்தைத் தரும்போது, முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு அந்தத் திரையின் எல்லாக் காட்சிகளிலும் அந்தப் படமே ஓட வேண்டும் என்று கேட்போம். பத்துத் திரை வைத்திருப்பவருக்கு இது பொருட்டே இல்லை. ஒரே திரை வைத்திருப்பவர் படம் இரண்டாம் நாளே படுத்துவிட்டாலும் மூன்று வாரம் அதையே ஓட்டிக்கொண்டு, பக்கத்து ஊரில் கூட்டம் சேர்க்கும் வேறொரு படத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தொழிலைவிட்டுப் போன நல்ல மனிதர்கள் பலரை இந்த ஒரு நிபந்தனைதான் வீழ்த்தியது. அதைக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பழைய ஒப்பந்த வகை ஒன்றையும் அறிந்து வையுங்கள். அரங்கின் வாராந்தரச் செலவு இவ்வளவு என்று இருவரும் ஒப்புக்கொண்டு அதை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தில் 90 பங்கு விநியோகஸ்தருக்கு, 10 பங்கு அரங்குக்கு என்பது அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்த முறை. இன்று பெரும்பாலும் நேரடி விகிதம்தான். ஆனால் அதன் பின்னால் இருந்த எண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உங்கள் வாராந்தரச் செலவு எவ்வளவு என்பதை மின்கட்டணம் முதல் துடைப்பம் வரை எழுதி வைத்துக்கொண்டுதான் எங்களோடு பேச உட்கார வேண்டும்.

இன்னொன்று, காலம் சுருங்கிவிட்டது. 2020-க்கு முன்பு அமெரிக்கப் பெரிய படங்கள் அரங்குகளில் வெளியாகி ஏறத்தாழ 90 நாள்கள் கழித்தே வீட்டுக்கு வரும். அந்த ஆண்டு ஜூலையில் யூனிவர்சல் நிறுவனமும் ஏஎம்சி அரங்குகளும் 17 நாள்கள் போதும் என்ற உடன்பாட்டுக்கு வந்தன. 2021-இல் வார்னர் பிரதர்ஸ் தன் படங்களை அமெரிக்காவில் அரங்கிலும் தன் இணையச் சேவையிலும் ஒரே நாளில் வெளியிட்டது. பிறகு அந்தப் போக்கு தணிந்தது உண்மை. ஆனாலும் பழைய 90 நாள் திரும்பி வரவில்லை. நான்காம் ஐந்தாம் வாரங்களை நம்பிக் கணக்குப் போடுவதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள்.

#4 ஒளிக்கற்றை

முப்பத்தோர் ஆண்டுகள் புரொஜெக்டர் அறையில் நின்றவன். முதல் பதினேழு ஆண்டுகள் பிலிம் சுருள். இரண்டு மணி நேரப் படம் என்றால் ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர் நீளப் பிலிம் என் கைகளின் வழியாகப் போகும். பிறகு டிஜிட்டல்.

நான்காம்வரிசை, பிரிப்பதா வேண்டாமா என்பதை எங்களிடம் கேட்கும் முன் அந்தக் கட்டடத்திடமே கேளுங்கள். பழைய இருக்கைகளைக் கழற்றிவிடவில்லை என்றால் ஒரு கைவிளக்கோடு உள்ளே போய், ஒவ்வொரு வரிசையிலும் கைப்பிடிகளின் முனையைத் தடவிப் பாருங்கள். மக்கள் விரும்பி அமர்ந்த இருக்கைகளில் மெருகு போய் மரம் வழுவழுவென்று இருக்கும், மெத்தை நடுவில் குழிந்திருக்கும். முன்வரிசைகளிலும் ஓரங்களிலும் துணி நேற்றுத் தைத்ததுபோல் இருக்கும். நான் பணியாற்றிய அரங்கை இடிப்பதற்கு முன் இப்படி எண்ணிப் பார்த்தேன். ஐந்நூற்றுச் சொச்சம் இருக்கைகளில் உண்மையில் தேய்ந்திருந்தவை இருநூற்று முப்பதுதான். அந்த அரங்கின் உண்மையான அளவு அதுதான்.

இரண்டாம் கேள்விக்கு என் பதில், பணத்தை முதலில் திரையில் விழும் ஒளியில் போடுங்கள். திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது நெறி. புரொஜெக்டருக்குள் எரியும் செனான் விளக்கு புதிதாக இருக்கும்போது அதை எட்டும். மணிக்கணக்கு ஏற ஏற மங்கிக்கொண்டே வரும். நான் மேற்பார்வைக்குப் போன ஓர் அரங்கில் அளவுமானியை வைத்துப் பார்த்தபோது 8 காட்டியது. அரங்கை நடத்தியவர், யாரும் குறை சொல்லவில்லையே என்றார். உண்மைதான், யாரும் சொல்ல மாட்டார்கள். இரவுக் காட்சியில் முகம் தெரியவில்லை என்றால் படத்தின் ஒளிப்பதிவே அப்படி என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த முறை வேறு அரங்குக்குப் போவார்கள், காரணம் அவர்களுக்கே தெரியாது. அங்கே நாங்கள் விளக்கை மாற்றும் முன் புரொஜெக்டர் அறையின் கண்ணாடியைத் துடைத்தோம். துணியில் மஞ்சள் படிவாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி வந்தது. துடைத்த மாத்திரத்தில் அளவு 9-ஐத் தாண்டியது. மிச்சத்தைப் புது விளக்கு சரிசெய்தது.

புதிதாக வாங்குவதால் லேசர் ஒளியுள்ள கருவியையே வாங்குங்கள். முதலில் விலை அதிகம். ஆனால் செனான் விளக்கு ஓரிரண்டாயிரம் மணி நேரத்தில் மாற்றும்படி ஆகும். லேசரின் ஆயுள் இருபதாயிரம் மணி நேரத்துக்கும் மேல். முகக்கவசமும் கனத்த கையுறையும் அணிந்து, அழுத்தம் நிறைந்த செனான் விளக்கைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி மாற்றிய ஒவ்வொரு முறையும் நான் அஞ்சியிருக்கிறேன். அந்த வேலை இனி ஒருவருக்கும் வேண்டாம்.

#5 அதிர்வு

அரங்கு ஒலியமைப்பு என் தொழில். பிரியுங்கள் என்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறார்கள். சுவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் பார்வையாளர் அமரும் இடத்தில் 85 டெசிபல் வரும்படி அளந்து அமைக்கப்படுகிறது. தாழ்வொலிக்கென்று உள்ள தனித் தடம் அதற்கும் 10 டெசிபல் கூடுதலாக முழங்கும்படி வைக்கப்படுகிறது. பேச்சொலியைச் சாதாரணச் சுவரே ஓரளவு தடுத்துவிடும். 40 ஹெர்ட்ஸ் இடிமுழக்கத்தை அது தடுக்காது. கட்டடத்தின் எலும்பு வழியாகவே அது பக்கத்து அரங்குக்கு நடந்து போகும். ஒன்றையொன்று தொடாத இரட்டைச் சுவர், நடுவில் இடைவெளி, உள்ளே ஒலியுறிஞ்சும் நிரப்பு, தனித்து மிதக்கும் தளம் என்று செய்தால்தான் பயன் உண்டு. அதற்கு இடமும் பணமும் நிறையப் போகும்.

1970-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய பெரிய அரங்குகள் பலவற்றை அவசர அவசரமாக இரண்டாக, மூன்றாக வெட்டினார்கள். நடுவில் நெடுக்காகச் சுவர் எழுப்பியதால் ரயில்பெட்டிபோல் ஒடுங்கிய அரங்குகள் உருவாயின. இருக்கைகள் பழைய திரையின் திசையைப் பார்த்தபடியே கோணலாக நின்றன. ஒரு பக்கம் காதல் காட்சி, மறுபக்கத்திலிருந்து குண்டுச் சத்தம். அந்த அரங்குகளில் பல பிறகு புதிய பல்திரை வளாகங்கள் வந்ததும் தாங்க முடியாமல் மூடப்பட்டன. பல்திரை என்பது வெட்டி ஒட்டியதால் வளர்ந்த தொழில் அன்று. 1963-இல் கான்சஸ் சிட்டியில் ஸ்டான்லி டர்வுட் கடைவளாகத்தில் திறந்த இரட்டைத் திரை அரங்கும் சரி, 1988-இல் பிரஸ்ஸல்ஸில் 25 திரைகளோடு திறக்கப்பட்ட கினெபோலிஸும் சரி, முதலிலிருந்தே பல திரைக்கென்று கட்டப்பட்டவை.

#6 இரவுக்காட்சி

நான் ஓர் ஆறு திரை வளாகத்தின் மேலாளர். தின்பண்டக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவள். ஆண்கள் எல்லோரும் திரையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். திரையரங்கின் இலாபம் பிறக்கும் இடம் தின்பண்டக் கூடம் என்பதைக் கணக்கேடு ஐயா நன்கு அறிவார். சீட்டு வருவாயைப் பிறரோடு பகிர்ந்துகொள்கிறோம். சோளப்பொரியின் வருவாய் முழுவதும் அரங்குடையது. அதன் சரக்குச் செலவோ விற்பனை விலையில் மிகச் சிறிய பங்கு.

ஆனால் விலையை ஏற்றினால் வருவாய் ஏறிவிடும் என்று எண்ணுவது தவறு. எங்கள் வளாகத்தில் ஒரு சனிக்கிழமை மாலை கூடத்தின் ஓரத்தில் நின்று, வரிசையைவிட்டு வாங்காமலே போனவர்களை எண்ணினேன். காட்சிக்கு முந்தைய இருபது நிமிடங்களில் 41 பேர். விலைப்பலகையைப் பார்த்துத் திரும்பியவர்கள் சிலர்தான்; பெரும்பாலோர் வரிசை நகரவில்லை, படம் தொடங்கிவிடுமே என்று போனவர்கள். இரண்டு அரங்குகளின் காட்சிகளும் 6.30-க்கே தொடங்குமாறு அட்டவணை போட்டிருந்ததுதான் குற்றம். ஒன்றை 6.50-க்கு மாற்றினோம். அதே பணியாளர்கள், அதே விலை. மறுவாரம் வரிசையைவிட்டுப் போனவர்கள் ஒன்பது பேர்.

அட்டவணை போடுவதுதான் மேலாளரின் முதன்மையான வேலை. அதைக் கடைசியில் செய்யும் எழுத்து வேலையாக எண்ணாதீர்கள். ஒரு காட்சி விட்டு வெளியேறும் கூட்டமும் அடுத்ததற்கு உள்ளே வரும் கூட்டமும் கூடத்தில் மோதக் கூடாது, துப்புரவுக்கு இருபது நிமிடம் வேண்டும், கழிப்பறை தாங்க வேண்டும், குழந்தைகளோடு வருவோரின் படம் இருட்டுவதற்குள் முடிய வேண்டும். இரண்டு திரை இருந்தால் இதையெல்லாம் அடுக்கிப் பார்க்க வழியுண்டு. ஒரே திரையில் 620 பேரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போவார்கள். அவ்வளவு பெரிய கூடமும் அத்தனை பணியாளர்களும் இருபது நிமிடத்துக்குத் திணறிவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரம் சும்மா நிற்பார்கள்.

#7 நான்காம்வரிசை

உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஒளிக்கற்றை ஐயா சொன்னபடி நேற்றுக் கைவிளக்கோடு உள்ளே போய் நான்கு மணி நேரம் ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்தேன். மாடியில் 180-இல் ஏறத்தாழ எல்லாமே தேய்ந்திருக்கின்றன. கீழ்த்தளத்தின் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. திரைக்கு அருகிலுள்ள ஐந்து வரிசைகளில் எண் ஒட்டிய தகடுகளில் வண்ணம்கூட அழியவில்லை. மாடிக்குக் கீழே, கூரை தாழ்ந்திருக்கும் பின்பகுதியிலும் தேய்மானம் குறைவே. அங்கிருந்து பார்த்தால் மாடியின் விளிம்பு திரையின் மேற்பகுதியை மறைக்கிறது.

மொத்தத்தில் தேய்ந்தவை 330-க்குச் சற்று மேல். 620 என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு நான் வாடகை தரவிருந்தேன்.

#8 கணக்கேடு

அந்த எண்ணிக்கையைக் கட்டட உரிமையாளரிடம் காட்டிக் குத்தகைத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஒளி முதலில் என்ற ஒளிக்கற்றை ஐயாவின் கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. சாய்ந்து படுக்கும் அகன்ற இருக்கைகள் போட்ட அரங்குகளில் இருக்கை எண்ணிக்கை பாதியாகக் குறைந்தும் வருவாய் கூடியதை நான் கணக்கேட்டில் பார்த்திருக்கிறேன். வீட்டில் பெரிய தொலைக்காட்சி வந்துவிட்ட பிறகு மனிதர்கள் வெளியே வருவது சுகத்துக்காகவும்தான்.

#9 ஒளிக்கற்றை

சுகமான இருக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வீட்டிலும் கிடைக்கும் என்கிறேன். சுவரளவு திரையும் கும்மிருட்டும் நெஞ்சில் உணரும் ஒலியும் வீட்டில் கிடைக்காது. அரங்கு தன்னிடம் மட்டும் உள்ளதில் குறை வைத்துவிட்டு வீட்டில் உள்ளதோடு போட்டியிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருக்கையை மூன்றாம் ஆண்டில் மாற்றலாம். மங்கலான படத்தைப் பார்த்துவிட்டுப் போனவரைத் திரும்ப அழைத்து வர வழியில்லை.

#10 பெட்டிவரவு

இருவரும் மதிப்புக்குரியவர்கள், இடையில் புகுந்து ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புதிதாகத் திறப்பவர்கள் பலரும் இதில் அடிபடுகிறார்கள். இன்று படம் பூட்டிய கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் கேடிஎம் என்ற மின்னணுச் சாவி, படத்தை ஓட்டும் உங்கள் சர்வரின் சான்றிதழுக்கென்று, அதாவது அதன் மின்னணு அடையாளத்துக்கென்று தனியே செய்யப்பட்டது. எந்த நாள் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை செல்லும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். நான் அறிந்த ஓர் அரங்கில் வியாழன் பிற்பகல் சர்வரில் பழுதான மின்பலகையை மாற்றினார்கள். சான்றிதழும் அதோடு மாறியது. வெள்ளிக்கிழமைக்கான சாவிகள் எல்லாம் பழைய பலகைக்கு வந்தவை. அரங்கு நிரம்பி, விளக்கு அணைந்து, திரையில் ஒன்றும் வரவில்லை. அன்று பணத்தைத் திருப்பிக் கொடுத்த வரிசை வெளிவாசல்வரை நின்றது. எந்தப் பலகையை மாற்றினாலும் அந்த மணியிலேயே புதிய சான்றிதழை எல்லா விநியோகஸ்தருக்கும் அனுப்புங்கள். சாவி திறக்கும் நேரம் வந்ததும் படத்தின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

#11 அதிர்வு

நான்காம்வரிசை எழுதிய தேய்மானக் கணக்கைப் படித்த பிறகு ஒரு வழி தோன்றுகிறது. பிரிட்டனில் அந்நாளில் செய்த மாற்றங்களில் ஓரளவு தாக்குப்பிடித்த வகை ஒன்று உண்டு. மாடியை அப்படியே விட்டுப் பழைய பெரிய திரையையே பார்க்க வைப்பார்கள். மாடியின் முன்விளிம்புக்கு நேர்கீழே குறுக்காகச் சுவர் எழுப்பி, பின்பகுதியைத் தனியே பிரிப்பார்கள். அவர்கள் அந்தப் பின்பகுதியை மேலும் இரண்டாக வெட்டியதுதான் பிழை. நீங்கள் வெட்டாதீர்கள். மாடியும் கீழ்த்தள நடுப்பகுதியும் சேர்ந்து ஒரு பெரிய அரங்கு. மாடிக்கு அடியில் முழு அகலத்துக்கு ஒரே ஒரு சிறிய அரங்கு. தேயாத ஐந்து முன்வரிசைகளை எடுத்துவிடுங்கள். முதல் வரிசையில் அமர்பவர் திரையின் மேல்விளிம்பைப் பார்க்க 35 பாகைக்கு மேல் தலையை நிமிர்த்தத் தேவையில்லாத இடத்தில் இருக்கைகள் தொடங்கட்டும்.

ஒலி கடக்கக்கூடிய இடங்கள் இரண்டே: புதிய குறுக்குச் சுவர், மாடியின் தளம். சுவரை நாம் சரியாகக் கட்டிவிடலாம். தளம் எப்படிப்பட்டது என்பதைச் சோதித்தால்தான் தெரியும்.

#12 இரவுக்காட்சி

இரண்டு திரை எனக்குப் பிடித்திருக்கிறது. சிறிய அரங்கு நூறு இருக்கையை எட்டினாலே போதும்; பெரிய படம் மூன்றாம் வாரத்தில் அங்கே இறங்கும், பெரியது அடுத்த படத்துக்குக் காலியாகும். சிறிய அரங்குக்குத் தனி வாயிலும், முகப்புக் கூடத்தை மிதிக்காமல் தெருவுக்குப் போகும் வெளியேறும் வழியும் இருக்குமாறு வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அவசரக் கதவுகள் உள்ளிருந்து தள்ளினால் திறப்பவையாக இருக்க வேண்டும். அதில் மட்டும் ஒரு காசும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

#13 நான்காம்வரிசை

வரைபடக்காரரோடு இன்று அமர்ந்து பார்த்தேன். பெரிய அரங்கில் மாடி 180, கீழே 146, சிறியதில் 104. மொத்தம் 430. குத்தகையைக் குறைக்க உரிமையாளர் பாதி மனதோடு இணங்கியிருக்கிறார். இரு அரங்குகளுக்கும் லேசர், பெரியதற்கு முழு ஒலியமைப்பு. இருக்கைகளில் மாடிக்கு மட்டும் இப்போது உயர்ந்த வகை, மற்றவை நல்ல சாதாரண வகை என்று முடிவு செய்திருக்கிறேன். கணக்கேடு ஐயாவும் ஒளிக்கற்றை ஐயாவும் இதை ஏற்பீர்கள் என்று நம்புகிறேன்.

அதிர்வு அவர்களே, மாடித் தளத்தை எப்படிச் சோதிப்பது என்பதை மட்டும் விளக்க முடியுமா?

#14 அதிர்வு

பெரிய தாழ்வொலிப் பெருக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து, பழைய திரையின் அடியில் அரங்கை நோக்கி வையுங்கள். தெருவில் வண்டிச் சத்தம் அடங்கிய அதிகாலையில், குளிரூட்டியும் மின்விசிறியும் ஓடாதபோது, 31, 40, 63 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒவ்வொன்றாக ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சுவர் இன்னும் எழாததால் கீழே நின்று காதால் கேட்பதில் பயனில்லை. மாடிக்கு அடியில் நாற்காலி போட்டு ஏறி, தளத்தின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வையுங்கள். ஒவ்வொரு தூணிலும் அப்படியே. நடுக்கம் தெரியும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து, குறிகளின் படத்தை இங்கே போடுங்கள். அதைப் பார்த்த பிறகு தளத்தின் அடியில் தொங்கு கூரை போதுமா, தூண்களையும் சுற்றி மூட வேண்டுமா என்று சொல்கிறேன். அதுவரை சுவர் வேலைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.